மடவளையில் ஒரு புள்ளி

1

இந்தக் கதை எனக்கு ஒரு பிழையான சொல்லிலிருந்து கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏதோ பெரிய தவிப்பில் உட்கார்ந்து எழுதினேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

நான் கண்டியில் இருக்கிறேன். கதை எழுதுவேன். அது வயிற்றுக்கு ஆகாது என்பதால் பெயர்ப்பலகை, துண்டுப்பிரசுரம், மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள் என்று எதற்கும் தமிழ் திருத்திக் கொடுப்பேன். அப்படித்தான் பிலிமத்தலாவையிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தாள். இணையத்தில் ஓடும் வரைபடம் ஒன்று இருக்கிறது, மூன்று மொழியிலும் பொத்தான்கள், தமிழை மட்டும் யாரோ இயந்திரத்திடம் கொடுத்து மாற்றி வாங்கிவிட்டார்கள், ஒருதரம் பார்த்துத் தர முடியுமா என்றாள். திறந்து பார்த்தேன். மேல்மூலையில் பச்சையாக ஒரு விளக்கு. பக்கத்தில் 'உயிருடன்' என்று இருந்தது.

"யாரும்மா உயிரோட இருக்கிறது?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லீங்க சேர்," என்றாள் சிரிக்காமல். "மேப்புக்கும் டேட்டாபேஸுக்கும் தொடர்பு அறுந்து போகாம இருக்குன்னு காட்டுற லைட்டு அது. அங்க ஒண்ணு மாறுனா இங்கயும் உடனே மாறும்."

'நேரலை' என்று போடச் சொன்னேன். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய பழக்கம். ஒரு வாரம் கழித்து அடுத்த கிழமையும் ஒரு சொல் கேட்டு எடுத்தாள், அதற்கடுத்த கிழமையும். சொல் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், பேச்சு முடியாது. பேச ஆளில்லாதவர்கள் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டுதான் போன் எடுப்பார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் முதல் மணியிலேயே பதில் சொன்னவன் நான்தானே.

"எழுதுறதுன்னா எழுதுங்க, பேர மட்டும் மாத்திருங்க," என்று அவள் சொன்ன பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். துஷானி என்பது நான் வைத்த பெயர். மற்றப் பெயர்களும் அப்படியே.

2

முதல் தொடக்கம்:

"அன்று மகாவலி கலங்கி ஓடியது."

[அடித்துவிட்டேன். கண்டிக்காரன் கதை எழுத உட்கார்ந்தால் உடனே ஆற்றில் இறங்கிவிடுகிறான். இந்தக் கதைக்கு ஆறு வேண்டாம். குழாய் போதும்.]

இரண்டாவது தொடக்கம்:

"தரவுத்தளத்தில் நிகழும் மாற்றங்கள் மூவகைப்படும். அவையாவன: புதியது சேர்தல், இருப்பது மாறுதல், இருந்தது—"

[பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கிறது. அந்த மூன்றாவதை இப்போதே சொல்லவும் எனக்கு மனமில்லை.]

மூன்றாவது தொடக்கம். இதையே வைத்துக்கொள்வோம்:

பிலிமத்தலாவையில் கொழும்பு வீதியோரமாக, ஒரு பாத்திரக் கடையின் மேல்மாடியில், ஏழெட்டுக் கதிரைகள் போட்ட அலுவலகம் ஒன்று இருந்தது. அதில் ஒரு கதிரையில் மட்டும் ஆள் இருந்தது. அந்த ஆள் துஷானி. மற்றக் கதிரைகளில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளிநாடு போய்விட்டார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் கேக் வெட்டினார்கள். கடைசியாகப் போனவளுக்குக் கேக் வெட்டியபோது அவளும் துஷானியும்தான் மிச்சம். முக்கால்வாசிக் கேக் மிஞ்சி, கீழே பாத்திரக் கடைக்குப் போனது. முதலாளி ரமேஸும் மெல்பேர்னுக்குப் போய்விட்டார். கிழமைக்கு ஒருமுறை திரையில் முகம் காட்டுவார். அவருக்குப் பின்னால் எப்போதும் வெயில் அடிக்கும்.

துஷானிக்கு முப்பத்தொரு வயது. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கணினி படித்து, பிலிமத்தலாவையிலேயே ஒரு வீட்டின் பின்னறையில் போர்டிங் இருந்தாள். அம்மா அண்ணன் குடும்பத்தோடு தோட்டத்தில். போனில் "சாப்டியா?" என்பார், "சாப்டேம்மா" என்பாள். அதற்கு மேல் இருவருக்கும் என்ன கேட்பதென்று தெரியாது.

அவள் கையில் மிஞ்சிய வேலைகளில் ஒன்று தண்ணீர் வரைபடம். மலையோர ஒழுங்கைகளுக்கு, அந்தச் சின்னத் தெருக்களுக்கு, ஊர்த் தண்ணீர்ச் சங்கங்கள் முறை வைத்துத்தான் தண்ணீர் திறந்துவிடும். ஓரிடத்தில் விடியற்காலை, சில இடத்தில் பகல், சில இடத்தில் பின்னேரம், மழை பிடித்தால் எல்லாம் தலைகீழ். சங்கங்கள் சில சேர்ந்து இந்த வரைபடத்தைச் செய்யச் சொல்லின. ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒரு புள்ளி, ஒரு பொறுப்பாளர். குழாயில் தண்ணீர் வந்ததும் பொறுப்பாளர் போனில் 'வந்தது' என்ற பொத்தானை அமத்தினால் அந்த ஒழுங்கையின் புள்ளி நீலமாகும். வரைபடத்தைத் திறந்து வைத்திருக்கும் எல்லோர் திரையிலும் அந்த நொடியே நீலமாகும். நேரம் போகப் போக நீலம் வெளிறும். பல நாளாகச் செய்தியே இல்லாவிட்டால் புள்ளி சாம்பல் நிறமாகிவிடும்.*

* இதில் ஒரு நுணுக்கம் உண்டு, இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வரைபடம் திறக்கும்போது ஒரே ஒருமுறைதான் எல்லாப் புள்ளிகளையும் கேட்டு வாங்கும். அதன் பிறகு அது கேட்பதே இல்லை. ஏதாவது மாறினால் தனக்குச் சொல்வார்கள் என்று நம்பிக் காத்திருக்கும். சொல்லாவிட்டால் ஒன்றும் மாறவில்லை என்று எடுத்துக்கொள்ளும்.

அலுவலகச் சுவரில் ஒரு பெரிய திரை இருந்தது. ஆட்கள் இருந்த காலத்தில், வருகிறவர்களுக்குக் காட்ட வாங்கியது. அதில் தண்ணீர் வரைபடம் இரவு பகலாக ஓடும். அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை, துஷானிக்கும்தான். அறையில் அசைகிற பொருள் அது ஒன்றுதான்.

3

பொத்தானுக்குக் கீழே குறிப்பு எழுத ஒரு சின்னப் பெட்டி உண்டு. பெரும்பாலானவர்கள் 'ஓகே' என்று போடுவார்கள், அல்லது வெறுமையாக விடுவார்கள். மடவளையில் ஒரு ஒழுங்கைக்குப் பொறுப்பாளராக இருந்த அனீஸா மட்டும் எழுதினார். அவர் ஒழுங்கைக்கு விடியற்காலையில் தண்ணீர். துஷானி அலுவலகம் திறந்து, பையை வைத்து, சுவர்த் திரையில் அந்தப் புள்ளியைத் தட்டினால் அன்றைய குறிப்பு இருக்கும்.

"தண்ணி வந்த. கொஞ்சம் கலங்கல்."

"தண்ணி வந்த. குளிர். கை வெறச்சிப் போன."

"தண்ணி வந்த. பக்கத்து ஊட்டுப் பூன எங்கட டேங்க் மூடிக்கு மேல குட்டி போட்டீக்கு. மெதுவாத்தான் தொறக்கணும்."

"தண்ணி வந்த. இண்டைக்கு கல்யாண நாள்."

யாருடைய கல்யாண நாள் என்று இல்லை. துஷானி அன்று முழுக்க அதை யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு புள்ளிக்கு ஒரு பெட்டிதான். நேற்று எழுதியதன் மேலேயே இன்று எழுதுவது ஏறும். பழையது எங்கும் சேர்ந்து கிடக்காது. அந்தக் கணக்கில் பூனைக்குட்டிகளும் கல்யாண நாளும் இந்த உலகத்தில் இரண்டு இடத்தில்தான் இருந்தன. எழுதியவர் மனதில் ஒன்று, அவர் முகமே தெரியாத இவள் மனதில் ஒன்று.

[இங்கே 'அம்மாவைப் போல' என்று ஒரு வாக்கியம் எழுதி வெட்டினேன். துஷானிக்கு அம்மா இருக்கிறார். அவளுக்கு இல்லாதிருந்தது காலையில் பேசுகிற ஆள்.]

பிறகு ஒருநாள் அந்தப் புள்ளியில் பழைய குறிப்பே இருந்தது. மறுநாளும் அதே. கரண்ட் இல்லையோ, பயணமோ என்று நினைத்தாள். மற்றப் புள்ளிகள் பகல் முழுக்க நீலமாவதும் வெளிறுவதுமாக வழக்கம்போலவே இருந்தன. பச்சை விளக்கு எரிந்தது. ஒரு காலை வந்து பார்த்தபோது மடவளைப் புள்ளி சாம்பலாகிக் கிடந்தது.

4

இந்த இடத்தில் துஷானி மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கணினி தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் கேட்கப்போகிற கேள்வி எனக்குத் தெரியும். வரைபடத்தை ஏன் நம்பினாள்? தரவுத்தளம் அவள் கையில்தானே இருந்தது? அந்த அட்டவணையைத் திறந்தால் உள்ளது உள்ளபடி தெரிந்திருக்குமே. அதுவும் வேண்டாம், அனீஸாவின் போன் இலக்கம் பதிவில் இருந்தது. ஒரு கோல் எடுத்திருக்கலாம்.

பதற்றத்தில் மறந்துவிட்டாள் என்று முதலில் எழுதினேன். பொய். அவள் எதையும் மறக்கிற ஆள் இல்லை. வேறு வேலை குறுக்கிட்டது என்று மாற்றினேன். அதுவும் பொய், குறுக்கிட அங்கே என்ன இருந்தது? கடைசியில் அவளிடமே கேட்டேன். 

"தொறந்து பாத்திருந்தா போக வேண்டி வந்திருக்காது சேர்," என்றாள்.

அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அன்று மத்தியானம் அவள் கணினியை மூடினாள். லீவு கேட்க யாரும் இல்லை. கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கி, கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து மடவளை வழியாக வத்தேகம போகும் பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்தபோது மடியில் ஒரு கிலோ அப்பிள் இருந்தது. நோயாளியைப் பார்க்கப் போவதா, சாவு விழுந்த மையத்து வீட்டுக்குப் போவதா என்று தெரியாமல் வாங்கியது.

5

மடவளை பஸாரில் இறங்கி ஒரு கடையில் விசாரித்தாள். "தண்ணி அனீஸா ராத்தாவா? நேராப் போய் மேல ஏறுங்க, மஞ்சக் கேட்டு," என்றார் கடைக்காரர்.

"கேட் திறந்தே கிடந்தது. கொடியில் துணிகள் பல நாளாக எடுக்கப்படாமல் மழையில் நனைந்து காய்ந்து நனைந்து தொங்கின. துஷானி கூப்பிட்டாள். உள்ளே குழாய் மட்டும்—"

[இதை எழுதினேன். ஒரு பக்கம் ஓடியும்விட்டது. நன்றாகவும் வந்தது, அதுதான் பயமாக இருந்தது. சாகடிப்பது எழுதுகிறவனுக்குச் சுலபம். படிக்கிறவரும் உடனே மன்னித்துவிடுவார். ஆனால் அன்று அங்கே யாரும் சாகவில்லை.]

கேட் சாத்தியிருந்தது. துஷானி தட்டியதும் மாவு கையோடு ஒரு பெண் வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, தலையில் சீலைத் தலைப்பு, முகத்தில் நல்ல தெளிவு.

"ஆரு புள்ள?"

"அனீஸா அன்ட்டிங்களா? நான் பிலிமத்தலாவையில இருந்து வர்றேங்க. அந்தத் தண்ணி மேப்ப பாத்துக்கிறது நாந்தான்."

"ஏன், பொத்தான் பழுதாப் போன?"

"இல்லீங்க. ஒங்க புள்ளி சாம்பலாயிருச்சு. அதான் என்னமோ ஏதோன்னு…"

"சாம்பலா? நான் ஒவ்வொரு நாளும் அமத்துற தானே. இண்டைக்கு விடியவும் அமத்தின."

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் போனைக் கொண்டுவந்தார். அதில் வரைபடம் திறந்தது. மடவளைப் புள்ளி வெளிறிய நீலத்தில் இருந்தது. கீழே குறிப்பு: "தண்ணி வந்த. முழங்கால் கொஞ்சம் வலி."

துஷானிக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. புள்ளி சாகவில்லை. செய்தி தினமும் வந்திருக்கிறது. அலுவலகச் சுவருக்குத்தான் அது வந்து சேரவில்லை. முகம் சுட்டது.

"அப்ப எண்ட புள்ளிக்கு ஒண்டும் இல்ல தானே?"

"ஒங்க புள்ளிக்கு ஒண்ணும் இல்லீங்க. எங்க பக்கந்தான் ஏதோ…"

அனீஸா அதைக் காதில் வாங்கவில்லை. அவர் மனதில் வேறொன்று ஓடியது. "அதப் பாக்கவா அவ்வளவு தூரத்துல இருந்து வந்தீங்க? மெய்யாலுமா?" என்றவர், பக்கத்து மதிலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஷிபானா! எண்ட புள்ளியக் காணல்ல எண்டு ஆபீஸால ஆள் வந்தீக்கு!"

மதிலுக்கு அப்பால் ஒரு தலை எட்டிப் பார்த்துச் சிரித்தது. அதன் பிறகு பிழை யாருடையது என்று விளக்கிச் சொல்ல துஷானிக்கு வாய் வரவில்லை.

இஞ்சி போட்ட பிளேன்டீ வந்தது. பிஸ்கட் வந்தது. கொண்டுபோன அப்பிளையே வெட்டி அவளுக்கே வைத்தார். கணவர் பாரூக் பஸாரில் துணிக்கடை வைத்திருந்தவர், இப்போது இல்லை, மவுத்தாகிவிட்டார். கல்யாண நாள் அவர்களுடையதுதான். ஒரே மகள் நுஹா, கத்தாரில், புருஷனோடும் கைக்குழந்தையோடும்.

"அவவுக்கு அந்த லிங்க்க அனுப்பி வெச்சீக்கு," என்றார் அனீஸா. "நீலமா வந்தா உம்மா எழும்பிட்டா, சொகமா ஈக்கிறா எண்டு அவ விளங்கிக் கொள்ளுவா. சும்மா சும்மா கோல் எடுக்கத் தேவல்ல தானே. அவவுக்கும் வேல, புள்ள."

"முன்னாடி அடிக்கடி எடுப்பாங்களா?"

"முந்தி ஒவ்வொரு நாளும். இப்ப ரெண்டு கெழமைக்கு ஒருக்கா." கொஞ்சம் நிறுத்திச் சிரித்தார். "முந்தி அதுல 'உயிருடன்' எண்டு எழுதி ஈந்த, தெரியுமா? அது எனக்குத்தான் போட்டீக்கு எண்டு நெனச்ச. மகளுக்குக் காட்ட நல்ல வசதி எண்டு சந்தோசப்பட்ட. பொறகு ஆரோ அத மாத்திட்டாங்க."

[மாற்றியது யார் என்று உங்களுக்குத் தெரியும்.]

துஷானி புறப்படும்போது அவர் கேட் வரை வந்தார். "இன்னொரு நாளைக்கும் புள்ளி பழுதாகட்டும் மகள்," என்றார்.

6

அன்று மாலையே அலுவலகத்துக்குத் திரும்பியவளுக்குப் பழுது எங்கே என்று கண்டுபிடிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. கட்டடத்துக்குப் புதிதாக ஒரு காவல்காரர் வந்திருந்தார். முன்பு எங்கேயோ கரண்ட் ஒழுகித் தீப்பிடித்ததைக் கண்ட மனிதர். ஆட்கள் போனதும் ஒவ்வொரு மாடியாக ஏறி, சுவரில் செருகியிருக்கும் சின்னச் சின்னப் பிளக்குகளையெல்லாம் கழற்றிவிட்டு, காலையில் திரும்பச் செருகுவார். அதில் இணைய ரவுட்டரும் ஒன்று. இரவு அறுகிற தொடர்பு காலையில் தானாக ஒட்டிக்கொள்ளும். பச்சை விளக்கு எரியும். 'நேரலை' என்று காட்டும். ஆனால் அறுந்திருந்த நேரத்தில் வந்த செய்திகள் வந்தவைதான், போனவைதான். மறுபடி யாரும் சொல்லமாட்டார்கள், வரைபடமும் கேட்காது. அந்த இடைவெளியில் பேசுகிறவர் அனீஸா ஒருவர்தான்.

துஷானி காவல்காரரைக் குறை சொல்லவில்லை. நிரலைத் திறந்து திருத்தினாள். தொடர்பு அறுந்து திரும்பி வந்தால் முதலில் எல்லாப் புள்ளிகளையும் புதிதாகக் கேட்டு வாங்கு. வாங்கி முடியும் வரை இடையில் வரும் செய்திகளைப் பிடித்து வை. பிறகு அவற்றை வரிசையாகப் போடு. அதற்குப் பிறகுதான் பச்சை விளக்கு. மறுநாள் காலை சுவரில் மடவளை நீலமாக இருந்தது. "தண்ணி வந்த. நேத்து ஒரு புள்ள வந்த, அப்பிள் கொண்டு வந்த."

அதை வாசித்துவிட்டு அவள் கீழே போய்க் கடையில் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அன்று வேலை ஓடவில்லை.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஒருதரம் அப்படி முடித்தும் பார்த்தேன். அந்தக் கிழமை ரமேஸ் திரையில் வந்து ஒரு கேள்வி கேட்காமல் இருந்திருந்தால்.

"துஷானி, அந்தத் தண்ணி மேப்ப யாராச்சும் பாக்குறாங்களா? சும்மா ஓடிக்கிட்டிருந்தா நிப்பாட்டிருவோம்."

"பாக்குறாங்க."

"எத்தன பேரு, எங்கெங்க இருந்துன்னு ஒருக்கா பாத்து சொல்லுங்க."

பார்த்தாள். எந்த நேரத்தில், எந்த நாட்டிலிருந்து வரைபடம் திறக்கப்பட்டது என்ற பதிவு கணினியில் இருந்தது. பகலில் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் இருந்தார்கள். வரைபடத்துக்கு ஆபத்தில்லை என்று ரமேஸுக்கு எழுதினாள். பிறகு தனக்காக இன்னொன்றைப் பார்த்தாள். கத்தார்.

ஆரம்பத்தில் சில நாள் அங்கிருந்து யாரோ திறந்திருக்கிறார்கள். அதன் பிறகு ஒருவருமில்லை. விடியற்காலைகளைப் பார்த்தாள். மடவளையில் அனீஸா பொத்தானை அமத்திய நேரங்களில் எல்லாம், அவர் போனைத் தவிர, கேட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒரு தொடர்பு. அது பிலிமத்தலாவையில், பாத்திரக் கடைக்கு மேலே, ஆளில்லாத அறையின் சுவர். காவல்காரர் வந்த பிறகு அதுவும் இல்லை.

7

மறுநாள் துஷானி எனக்குப் போன் எடுத்தாள்.

"சேர், 'பார்ப்பவர்'னு போடலாமா, 'பார்த்துக்கொண்டிருப்பவர்'னு போடலாமா?"

"எதுக்கு?"

"புள்ளிக்குப் பக்கத்துல. இப்ப எத்தன பேரு பாத்துக்கிட்டிருக்காங்கன்னு காட்டுறதுக்கு."

"நல்லதுதானே. 'பார்ப்பவர்' போதும்."

அவள் சொல்லை எழுதிக்கொண்டது மாதிரித் தெரியவில்லை. அதற்குப் பதிலாக எல்லாவற்றையும் சொன்னாள்: அப்பிள், மதில், நுஹா, கத்தார். இதுவரை நான் எழுதியதில் பெரும்பகுதி அன்று கேட்டதுதான். அவள் நினைத்திருந்தது இது. விடியற்காலையில் தன் அறையில் எழும்பி, தன் போனில் வரைபடத்தைத் திறந்து வைப்பாள். அனீஸாவின் திரையில் 'பார்ப்பவர்: ஒருவர்' என்று வரும். அவர் அதை மகள் என்று எடுத்துக்கொள்வார். சின்ன வேலை; எழுதியும்விட்டாள்; சொல் மட்டும்தான் பாக்கி.

"யாருன்னு காட்டுமா?" என்று கேட்டேன்.

"காட்டாதுங்க."

 அவள் பக்கம் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"ஒரு நாளைக்கு நான் எழும்ப மறந்துட்டேன்னு வைங்க சேர்," என்றாள். "அப்ப மக பாக்கலன்னு அவங்க நெனப்பாங்க. அந்தப் பழி அந்தப் புள்ள மேல விழும். அதுவுஞ் சரியில்ல."

கதைக்கு அந்தப் பொய் நல்ல முடிவாக இருந்திருக்கும். இரக்கமுள்ள பொய், விடியற்காலை, இரண்டு தனிமைகள், நடுவில் ஓர் எண். படிக்கிறவர் கண் கொஞ்சம் கலங்கியிருக்கும். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. துஷானி எழுதிய நிரலை அழித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மடவளைக்குப் போனாள்.

இம்முறை ஒன்றும் வாங்கிக்கொண்டு போகவில்லை. உட்கார்ந்ததும் சொன்னாள்.

"அன்ட்டி, ஒங்க மக அந்த மேப்ப பாக்கிறதில்லீங்க. முன்னாடி பாத்தாங்க, இப்ப ரொம்ப நாளா இல்ல. எனக்குத் தெரிஞ்சு சொல்லாம இருக்க முடியல."

அனீஸா பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தார். கோப்பை நிரம்பும் வரை ஊற்றினார். "அவவுக்கு வேல கூட," என்றார். பிறகு பூனைக்குட்டிகளைப் பற்றிச் சொன்னார். ஒன்றை ஷிபானா எடுத்துக்கொண்டாளாம், இரண்டு பஸார்ப் பக்கம் போய்விட்டனவாம். துஷானி இருட்டுவதற்கு முன் புறப்பட்டாள். அவர் கேட் வரை வரவில்லை. வாசலிலேயே நின்று கை காட்டினார்.

8

இரண்டாவது தொடக்கத்தில் மூன்றாவது வகையைச் சொல்லாமல் விட்டேன். நீக்கம்.

புதியது சேர்ந்தால் அதன் முழு விவரமும் வரும். இருப்பது மாறினால் மாறிய விவரம் வரும். பொறுப்பாளர் தன் புள்ளியை நீக்கிவிட்டால், வழக்கமாக, அதன் எண் மட்டும்தான் வரும். பெயர் வராது, ஊர் வராது, என்ன எழுதியிருந்தது என்று வராது. இன்ன எண் இனி இல்லை, அவ்வளவுதான். மற்ற யாருக்கும் அது எந்தப் புள்ளி என்று தெரிந்திருக்காது. துஷானிக்கு அந்த எண் மனப்பாடம்.

திங்கட்கிழமை காலை அவள் சுவரைப் பார்த்தபோது மடவளையில் ஒன்றுமில்லை. நீலமும் இல்லை, சாம்பலும் இல்லை, வெறும் வீதிக்கோடுகள். அவள் திருத்திய நிரல் ஒரு பிழையுமில்லாமல் வேலை செய்திருந்தது.

இம்முறை தயங்காமல் கோல் எடுத்தாள்.

"நான்தான் அழிச்ச," என்றார் அனீஸா. குரலில் கோபமில்லை. "புள்ளி இல்லாட்டி மகள் தேடுவா தானே. தேடினா கோல் எடுப்பா."

 துஷானி மெதுவாகச் சொன்னாள்: "அவங்க மேப்ப தொறந்தாத்தான் அன்ட்டி, இல்லன்னு தெரியும்."

 அந்தப் பக்கம் டேங்கில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"அப்ப தொறக்கட்டும்," என்றார்.

"நீங்களே ஒருக்கா எடுத்துப் பேசலாமேங்க."

"ஏலாதா எனக்கு? ஏலும். நான் எடுத்தா 'உம்மா சொகமா' எண்டு கேப்பா, 'ஓ' எண்டு நான் செல்லுவேன். அது எனக்கு வேணாம் புள்ள. அவவுக்கு என்னக் காணணும் எண்டு தோணணும்."

 துஷானி போனை வைக்கப் போனபோது அனீஸா அவசரமாகக் கூப்பிட்டார்.

"மகள், நீங்க ஞாயித்துக்கெழம வாறீங்களா? புள்ளி இல்லாட்டியும்?"

"வர்றேங்க," என்றாள் துஷானி.

சொன்னவளுக்கும் கேட்டவருக்கும் அது எவ்வளவு உறுதியான 'வர்றேன்' என்று தெரியாது. இந்த ஊரில் போன் வைக்கிற எல்லோரும் அப்படித்தான் சொல்லி வைக்கிறார்கள்.

9

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

நுஹா குழந்தையைத் தூங்கப்போட்டுவிட்டு, ஏதோ நினைப்பில் அந்தப் பழைய லிங்கைத் தொடுகிறாள். புள்ளியைக் காணவில்லை. உடனே கோல் எடுக்கிறாள். "உம்மா?" [நான் ஆசைப்படுவது. ஆசைப்படுவதாலேயே நம்பிக்கை வரவில்லை.]

நுஹா திறக்கவே இல்லை. ரெண்டு கிழமைக்கு ஒருமுறை வழக்கம்போல எடுக்கிறாள், உம்மா சுகமா என்கிறாள், அனீஸா 'ஓ' என்கிறார். புள்ளி இருந்ததும் போனதும் அவளுக்குக் கடைசிவரை தெரியாது. [இதுதான் நடக்கும் என்று தோன்றுகிறது. இதை எழுத எனக்கு என்ன உரிமை?]

துஷானிக்கும் மெல்பேர்னிலிருந்து ஓர் அழைப்பு வருகிறது, ஒரு கேக்—

[இல்லை. இதை முடிக்கமாட்டேன்.]

உண்மையில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இன்று வெள்ளிக்கிழமை. கத்தாரிலிருந்து யாரும் வரைபடத்தைத் திறக்கவில்லை. காலையில் துஷானி சொன்னாள். இம்முறை சொல் எதுவும் கேட்கவில்லை, சும்மாதான் எடுத்தேன் என்றாள். ஞாயிறு போகிறாயா என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்காக 'ஆமா' என்று சொல்லியிருப்பாள். அது கதைக்கு உதவும், அனீஸாவுக்கு உதவாது.

ஞாயிறு இன்னும் வரவில்லை. அதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். யார் வீட்டுக் கேட்டை யார் தட்டுகிறார்கள், யார் போன் அடிக்கிறது என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் பஸ் குறைவு. போவதென்றால் கொஞ்சம் வெள்ளென இறங்க வேண்டும்.